வேடந்தாங்கலுக்கு சதவீதம் தெரியாது

புரட்டாசி பாதி தாண்டினா போதும், தெரிஞ்சவங்க கிட்டேயிருந்து ஒரே கேள்விதான் வரும். "இந்த வருஷம் குளிர்காலம் எப்படி? வேடந்தாங்கலுக்கு எப்போ போனா நிறைய பறவை பாக்கலாம்?" ஏதோ நான் வானிலை மையத்துல வேலை பாக்குற மாதிரியும், கூழைக்கடா எல்லாம் என்கிட்ட தேதி கேட்டுட்டுத்தான் கிளம்புற மாதிரியும். :-) வருஷா வருஷம் பைனாகுலரைத் தூக்கிட்டு படாளம் கூட்டுரோட்டுல வண்டியைத் திருப்புற ஆசாமி. என் தகுதி அவ்வளவுதான்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா கேள்வி அவ்வளவு லேசானது இல்லை. அதுக்குப் பதில் சொல்லணும்னா வானிலை அறிக்கையை எப்படிப் படிக்கிறதுன்னு முதல்ல பேசணும். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல, குளிர்காலம்னா என்ன? அமெரிக்காவுல ஐம்பெரும் ஏரிகளை ஒட்டி இருக்குற ஊர்கள்ல குளிர்கால முன்னறிவிப்புன்னா பனி எத்தனை அடி கொட்டும், ஏரி எவ்வளவு உறையும்னு பேசுவாங்க. குளிர்ந்த காத்து சூடான ஏரி மேல போகும்போது ஈரத்தை வாரிக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் இருக்குற ஊர் மேல பனியா கொட்டிடும். அங்க ஏரி பனியைக் கொட்டுது. நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் கதையே தலைகீழ். இங்க வானம் கொட்டினாத்தான் ஏரியே உண்டு. ஆடி மாசம் பசங்க கிரிக்கெட் ஆடின மைதானம்தான் கார்த்திகையில ஏரி.

வானிலை ஆய்வு மையத்தோட காலண்டர்ல குளிர்காலம்னா ஜனவரியும் பிப்ரவரியும்தான். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. நம்ம முன்னோர் கணக்கு வேற. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. எனக்கு இந்தக் கணக்குதான் பிடிக்கும். ஏன்னா நம்ம ஊர்ல குளிர் தனியா வர்றதில்லை, மழைக்குப் பின்னாடி அதோட கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரும். அதுவும் என்ன பெரிய குளிர்? ஜனவரி விடிகாலையில கூட இந்தப் பக்கம் 20 டிகிரியை ஒட்டித்தான். அதுக்கே நாம மங்கி குல்லா மாட்டிக்கிட்டுத் திரிவோம், அது வேற விஷயம்.

ஆக, வேடந்தாங்கலுக்குக் குளிர்கால முன்னறிவிப்புன்னா வெப்பநிலை இல்லை. ஏரியில தண்ணி எப்போ வரும், எவ்வளவு நாள் நிக்கும். இந்த ரெண்டுதான்.

*

ஏரியைப் பத்தி ஒரு வார்த்தை. பேருக்கேத்த மாதிரி அது தாங்கல்தான், சின்ன ஏரி. சுமார் 30 ஹெக்டேர். பக்கத்துல மதுராந்தகம் ஏரியைப் பார்த்துட்டு இங்க வந்தா குட்டை மாதிரி தெரியும். ஆனா அந்த 30 ஹெக்டேருக்குள்ள நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணிக்குள்ள கால் நனைச்சு நிக்கும். அந்த மரத்து மேலதான் எல்லாக் கூடும். நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம்னு ஒரே மரத்துல மாடி மாடியா குடித்தனம். வாடகை பாக்கி இல்லாத அபார்ட்மெண்ட்.

இந்த ஊர்க்காரங்க பறவைகளைக் காப்பாத்துறது நேத்து ஆரம்பிச்சது இல்லை. 18ஆம் நூற்றாண்டு கடைசியில வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவையைச் சுட்டாங்களாம். ஊர்க்காரங்க போய் செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் கிட்ட முறையிட, 1798ல அவர் இது காக்கப்பட வேண்டிய இடம்னு எழுதிக் கொடுத்தார்னு சொல்லுவாங்க. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில வர்றதும் இதே பிளேஸ் துரைதான். பிறகு 1972 வனவிலங்குச் சட்டம் வந்தது, 1998ல ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்தது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்குற கரிக்கிலியும் அதே வருஷம் சேர்ந்தது.

ஊர்க்காரங்களுக்குப் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் உண்டு. பறவை எச்சம் விழுந்து ஊறின ஏரித் தண்ணி வயலுக்குப் பாய்ஞ்சா அதுவே உரம். பறவை வந்தா விளைச்சல், விளைச்சல் வேணும்னா பறவை. இந்த ஒப்பந்தம் எந்தப் பத்திரத்துலயும் இல்லாமலே இருநூறு வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கு.

வர்ற பறவையில ரெண்டு வகை இருக்கு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரி வாத்துக்கள் வடக்கே கடுங்குளிருக்குத் தப்பிச்சு வர்ற விருந்தாளிங்க. இங்க முட்டை போடாது. சாப்பிட்டு, தூங்கி, ஊருக்குத் திரும்பிடும். இந்த ஏரியில தண்ணி சரியில்லைன்னா அடுத்த ஏரி. நாரை, கூழைக்கடா வகையறா அப்படி இல்லை. குடும்பம் நடத்த வர்றது. அதுக்குத் தண்ணி சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை, அகழி மாதிரி காவலுக்கும் வேணும். மரத்தடியில தண்ணி நிக்கிற வரைக்கும் பூனையும் நரியும் மரத்துக்குக் கிட்ட வராது. தண்ணி வத்தினா கீழே விழுற குஞ்சு அவ்வளவுதான்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். ஏரியில தண்ணி ஏறினதைப் பார்த்து ஜோடி சேர்ந்து சுள்ளி பொறுக்கிக் கூடு கட்ட ரெண்டு மூணு வாரம். நாரை அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாசம். குஞ்சு சிறகு முளைச்சுப் பறக்க ரெண்டு மாசம் போல. கூழைக்கடாவுக்கு இன்னும் கூடவே ஆகும். மொத்தத்துல நாலு மாசம்னு வெச்சுக்கலாம். ஏரி நவம்பர் 10ஆம் தேதி வாக்குல நிரம்பினா மார்ச் 10க்குள்ள குஞ்சு பறந்துடும். அதே ஏரி டிசம்பர் 15க்கு நிரம்பினா? ஏப்ரல் நடு. செங்கல்பட்டு வெயிலோட ஏப்ரல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஏரி அடி தெரிய ஆரம்பிச்சிருக்கும்.

அதாவது, ஒரே அளவு மழை. ஒரு வருஷம் குஞ்சு பறக்குது, இன்னொரு வருஷம் பறக்காம போகலாம். வித்தியாசம் தேதியில இருக்கு. நான் சொல்ல வந்தது இதுதான். ஏரிக்கு சதவீதம் தெரியாது, தேதிதான் தெரியும்.

*

இப்போ வானிலை அறிக்கைக்கு வருவோம். அக்டோபர் பிறக்கிற சமயத்துல இந்திய வானிலை ஆய்வு மையம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னறிவிப்பு கொடுக்கும். மறுநாள் பேப்பர்ல "இயல்பான மழை", "இயல்பை விட அதிகம்"னு தலைப்பு வரும். அந்த எண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. தமிழ்நாடு-புதுச்சேரி, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தென் உள் கர்நாடகா, இந்த 5 பகுதிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. 1971லேர்ந்து 2020 வரைக்குமான சராசரி சுமார் 334 மில்லிமீட்டர். அதுல 88லேர்ந்து 112 சதவீதத்துக்குள்ள பெய்தா 'இயல்பு'. அதுவும் இத்தனை சதவீதம் வாய்ப்புன்னுதான் சொல்லுவாங்க. ரொம்ப நேர்மையான அறிக்கை அது. அதுக்குள்ள 30 ஹெக்டேர் ஏரி ஒண்ணைத் தேடினா தப்பு அறிக்கை மேல இல்லை.

சரி, இந்த வாய்ப்பை எதை வெச்சுச் சொல்றாங்க? பெரிய விஷயம் பசிபிக் கடல். அங்க கிழக்கு, நடுப்பகுதி வழக்கத்தை விட சூடா இருந்தா எல் நினோ, குளிர்ந்திருந்தா லா நினா. தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ வில்லன். ஆனா நம்ம வடகிழக்குக்கு அது பெரும்பாலும் நண்பன். 2015ல பலமான எல் நினோ, அந்த வருஷம் என்ன நடந்ததுன்னு சென்னை, செங்கல்பட்டு ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்னொண்ணு நம்ம இந்தியப் பெருங்கடலோட இருமுனை. மேற்குப் பக்கம் சூடு, கிழக்குப் பக்கம் குளிர்னா நேர்மறை, நமக்கு நல்லது. தலைகீழா இருந்தா எதிர்மறை, நமக்கு ஆகாது. இதான் பாடப்புத்தக விதி.

இப்போ 3 வருஷத்தை எடுத்துக்குங்க. 2010, 2016, 2021. மூணுலயும் லா நினா. மூணுலயும் இந்தியப் பெருங்கடல் இருமுனை எதிர்மறை. விதிப்படி மூணு வருஷமும் நமக்குப் பட்டை நாமம் விழுந்திருக்கணும். 2016ல அப்படியே விழுந்தது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு, நூறு வருஷத்துக்கு மேலான பதிவுல மிக மோசமான வருஷங்கள்ல அது ஒண்ணு. ஆனா 2010ல இயல்பை விட அதிகம். 2021ல? 59 சதவீதம் அதிகம்! அந்த நவம்பர்ல சென்னை நனைஞ்ச நனைப்பை மறக்க முடியுமா? ஒரே மாதிரி கடல், ஒரே மாதிரி ஜாதகம், பலன் மட்டும் வேற வேற.

காரணம் என்னன்னா, கடல் சூடு மொத்த சீசனோட சாய்மானத்தைத்தான் சொல்லும். நம்ம மழை வர்ற விதம் வேற. 90 நாள் சீசன்ல உண்மையிலேயே அடிச்சுப் பெய்யிறது சில சுற்றுகள்தான். வங்கக்கடல்ல ஒரு தாழ்வுப் பகுதி எங்க உண்டாகுது, எந்தப் பக்கம் நகருது, கரைக்குப் பக்கத்துல எத்தனை நாள் நிக்குது, இது எல்லாம் அந்தந்த வாரத்து சமாச்சாரம். மேடன்-ஜூலியன் அலைவுன்னு ஒண்ணு இருக்கு. நிலநடுக்கோட்டை ஒட்டி மேகக்கூட்டம் கிழக்குப் பக்கமா 30லேர்ந்து 60 நாள்ல உலகத்தைச் சுத்தி வரும். அது நம்ம பக்கத்துக் கடல்ல இருக்குற வாரங்கள்ல மழைக்கு வாய்ப்பு கூடும். ஆய்வு மையம் வியாழக்கிழமை தோறும் அடுத்த 4 வாரத்துக்கு ஒரு முன்னறிவிப்பு போடும். என்னைக் கேட்டா ஏரிக்காரங்களுக்கு அக்டோபர் அறிக்கையை விட இந்த வியாழக்கிழமை அறிக்கைதான் உபயோகம்.

சரி, சீசன் மொத்தம் 'இயல்பு'ன்னு முடிஞ்சாலாவது நிம்மதியா இருக்கலாமா? 2023ஐப் பாருங்க. மாநிலக் கணக்குல அந்த சீசன் இயல்பை ஒட்டித்தான் முடிஞ்சது. ஆனா டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல்ல சென்னை மூழ்கிச்சு. ரெண்டு வாரம் கழிச்சு தூத்துக்குடி மாவட்டத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அந்த ஊர்க்காரங்க கிட்ட போய் "இந்த வருஷம் இயல்பான மழைங்க"ன்னு சொல்லிப் பாருங்களேன். துடைப்பத்தால அடிப்பாங்க.

*

மதுராந்தகம் பக்கம் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கார். ஏரிப் பாசனத்துல கொஞ்சம் நிலம். அக்டோபர்ல அவர்கிட்ட பேசினா முதல்ல விசாரிக்கிறது வானிலையைத்தான்.

"டிவியில இன்னாடா சொல்றான்?"

"இயல்பை ஒட்டி இருக்கும்னு சொல்றாங்க சித்தப்பா."

"எந்த மாசத்துல ஒட்டுமாம்?"

"அதெல்லாம் சொல்லலை சித்தப்பா. மூணு மாசத்துக்கும் மொத்தமா சொல்லுவாங்க."

"மொத்தமா எனக்கு எதுக்குடா? நான் இன்னா தண்ணியை எடை போட்டா விக்கப் போறேன்? ஐப்பசில வந்தா நட்ட பயிரு தப்பிக்கும். கார்த்திகை கடைசில வந்தா நவரைக்குத்தான் ஆவும். ரெண்டும் ஒண்ணா?"

நாரை படிச்ச அதே பாடம். ஆனா அவர் சொன்னதுல இன்னொரு விஷயமும் இருக்கு, நான் அதை லேட்டாத்தான் யோசிச்சேன். நவரைன்னா மார்கழி, தை வாக்குல நட்டு சித்திரையை ஒட்டி அறுக்கிற நெல். மழை நின்ன பிறகு வளர்ற பயிர், முழுக்க ஏரியையும் கிணத்தையும் நம்பினது. மாசி பங்குனியில மதகைத் திறந்தாத்தான் கதிர் பால் பிடிக்கும். அதே மாசி பங்குனியிலதான் குஞ்சுகளும் மரத்துல பறக்கப் பழகிக்கிட்டிருக்கும். ஏரி நேரத்துக்கு நிரம்பின வருஷத்துல ரெண்டு பேருக்கும் போதும். லேட்டா, அரைகுறையா நிரம்பின வருஷத்துல ஒரே தண்ணிக்கு நெல்லும் குஞ்சும் வரிசையில நிக்கும். இந்த வட்டாரத்துல பாசனமும் கூடும் சேர்ந்திருக்கிற ஏரி எல்லாத்துலயும் இதே கதைதான். யாரைக் குத்தம் சொல்றது? வயித்துக்காகத்தானே ரெண்டும். அதனாலதான் நான் வேடந்தாங்கல் முன்னறிவிப்பை டூரிஸ்ட் சமாச்சாரமா மட்டும் பாக்குறதில்லை.

சித்தப்பா கிட்ட ஒரு பழமொழி எப்பவும் ரெடியா இருக்கும். கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை. சும்மா சொல்றாரான்னு தேதிகளை எடுத்துப் பார்த்தேன். 2015ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டினது டிசம்பர் 1-2, பாதி கார்த்திகை. வர்தா புயல் சென்னைக்கு வந்தது 2016 டிசம்பர் 12, கார்த்திகை. நிவர் 2020 நவம்பர் 25 ராத்திரி, கார்த்திகை. மாண்டஸ் நம்ம மாமல்லபுரத்துக்குப் பக்கத்துலயே கரையைக் கடந்தது, 2022 டிசம்பர் 9 ராத்திரி, கார்த்திகை. மிக்ஜாம் கார்த்திகை, 2024 ஃபெங்கல் கார்த்திகை. பழமொழி பாஸ்!

ஆனா விதிவிலக்கும் இருக்கு. தானே புயல் 2011 டிசம்பர் 30, மார்கழி பாதி. 2021 ஜனவரியில பொங்கல் சமயத்துல வழக்கத்தை விட பல மடங்கு மழை கொட்டி டெல்டாவுல அறுவடைக்கு நின்ன சம்பா சாய்ஞ்சது. பழமொழியும் வானிலை அறிக்கை மாதிரிதான், பெரும்பாலும் சரி.

*

"புயல் வந்தா ஏரி நிரம்பிடுமே, அப்புறம் என்ன?"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். வர்தா வந்த 2016தான் மழை பொய்ச்ச வருஷமும். காத்து மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டுப் போச்சு, சீசன் கணக்கு மட்டும் ஏறவே இல்லை. 2024ல ஃபெங்கல் வரும்போது சென்னை, செங்கல்பட்டுக்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து அங்கேயே நகராம நின்னுடுச்சு. திண்டிவனம் தாண்டி மயிலத்துல 51 சென்டிமீட்டர், புதுச்சேரியிலயும் கிட்டத்தட்ட அதே அளவு. மயிலம் மதுராந்தகத்துலேர்ந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். வங்கக்கடல் அளவுக்கு அது ஒரு விரக்கடை. ஏரிக்கு அதுதான் எல்லாம்.

அதோட நம்ம மழை கடலோரத்துக்குக் கொஞ்சம் செல்லம் கொடுக்கும். கீழைக்காத்து வீசுற நாள்ல நடுராத்திரி தாண்டி கடல்லேர்ந்து மேகம் மேகமா கிளம்பி வந்து கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் விடிகாலையில கொட்டும். உள்ளே வர வர குறைஞ்சுடும். கிழக்குக் கடற்கரை சாலையில முட்டியளவு தண்ணின்னு போட்டோ வரும், அதே காலையில மதுராந்தகத்துல சித்தப்பா, "தூறல் போட்டுச்சு, தூசி அடங்கல"ன்னு சொல்லுவார். சென்னை ரேடார் படத்தை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்க, நீங்களே புரிஞ்சுப்பீங்க. தாழ்வு மண்டலம் கிட்ட வந்து நாள் கணக்கா நின்னு பெய்யிற மழைதான் உள்ளே இருக்குற ஏரிகளை எட்டும்.

எட்டினாலும் உடனே நிரம்பிடாது. இந்த வட்டாரத்துல ஏரிகள் எல்லாம் சங்கிலி. மேல் ஏரி நிரம்பி கோடி போனாத்தான் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவுல ஒரு வரத்துக்கால் தூர்ந்து போயிருந்தாலோ, பிளாட் போட்டு மறிச்சிருந்தாலோ மழை பெய்தும் தண்ணி வராது. முதல் ரெண்டு மழை காஞ்ச பூமிக்கே போயிடும். அது குடிச்சு முடிச்ச பிறகுதான் ஏரிக்கு. அதனாலதான் ஐப்பசி மழைக்கு அவ்வளவு மதிப்பு. அது ஏரியை நிரப்பாது, ஆனா பூமியை நனைச்சு வெச்சுடும். அப்புறம் வர்ற கார்த்திகை மழை நேரா ஏரிக்கு ஓடும். ஐப்பசி பொய்ச்சு கார்த்திகை மட்டும் பெய்தா பாதித் தண்ணி வழியிலயே காணாம போயிடும்.

இன்னொரு விஷயம், ஏரி மட்டும் நிரம்பினா பத்தாது. நத்தைக்குத்தி சாப்பிடுறது வயல்ல இருக்குற நத்தை. ஒரு கூட்டுல ரெண்டு மூணு குஞ்சு வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கும்போது அப்பனும் ஆத்தாளும் சுத்துப்பட்டு வயல், தாங்கல், குட்டைக்கெல்லாம் போயிட்டுப் போயிட்டு வரும். வேடந்தாங்கல் படுக்கையறைன்னா, சமையலறை சுத்தி இருக்குற ஊர்கள்ல இருக்கு. 1998ல 5 கிலோமீட்டர்னு கோடு போட்டதுக்கு அர்த்தம் இதுதான்னு நான் நினைக்கிறேன். 2020ல அந்த 5ஐ 3ஆ குறைக்கலாம்னு அரசு தரப்புலேர்ந்து முன்மொழிவு போனப்போ அவ்வளவு எதிர்ப்பு கிளம்பினதும் அதனாலதான். சமையலறையை இடிச்சுட்டு படுக்கையறையை மட்டும் விட்டு வெச்சா எந்தக் குடும்பம் தங்கும்?

*

சரி, போகணும்னு நினைக்கிறவங்களுக்கு என்னோட முன்னறிவிப்பு முறை. காசு செலவு கிடையாது.

அக்டோபர் அறிக்கையைப் படிங்க, ஆனா அதை வெச்சு லீவு போடாதீங்க. ஐப்பசியில மதுராந்தகம் பக்கம் பூமி நனைஞ்சுதான்னு மட்டும் விசாரிங்க. தெரிஞ்ச ஆள் இல்லைன்னா படாளம் டீக்கடையில கேட்டாப் போதும். வியாழக்கிழமை அறிக்கையில அடுத்த ரெண்டு வாரம் எப்படின்னு பாருங்க. அப்புறம் மதுராந்தகம் ஏரியும் சுத்துப்பட்டு ஏரிகளும் கோடி போச்சான்னு செய்தி பாருங்க. நவம்பர் நடுவுக்குள்ள வேடந்தாங்கல் மரங்கள் தண்ணியில நின்னாச்சுன்னா பொங்கலுக்குப் போங்க, ஏரியே இரைச்சலா இருக்கும். குஞ்சு பாக்கணும்னா பிப்ரவரி. ஏரி டிசம்பர்லதான் நிரம்பிச்சுன்னா அவசரப்படாதீங்க, ஜனவரி கடைசிக்குத் தள்ளிப் போடுங்க.

ரொம்பக் கொட்டின வருஷத்துல வேற மாதிரி. எல்லா ஊர் ஏரியும் குட்டையும் நிரம்பி இருக்கும்போது வாத்துக்கெல்லாம் வேடந்தாங்கலே வேணும்னு இல்லை, பரவிடும். "இவ்வளவு தண்ணி இருக்கு, வாத்தைக் காணோமே"ன்னு நொந்துக்காதீங்க. கரிக்கிலி பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க. அது நல்ல வருஷத்தோட அடையாளம்தான்.

பொய்ச்ச வருஷத்துலயும் ஒரு தடவை போங்கன்னு சொல்லுவேன். கண்காட்சி இருக்காது. ஆனா மரத்தடியில வெடிச்சுக் கிடக்குற சேத்தையும், மேல இன்னும் காலி பண்ணாம உட்கார்ந்திருக்குற நாலைஞ்சு கூட்டையும் பார்த்தா, 'இயல்பை விடக் குறைவு'ன்னு பேப்பர்ல ஒரு வரியில வந்தது என்னன்னு புரியும். அப்புறம் அக்டோபர் மாசம் வானிலை அறிக்கை வர்றப்போ சேனலை மாத்த மாட்டீங்க. கூடவே உங்க ஊர் ஏரிக்கு எந்த வழியா தண்ணி வருது, அந்த வரத்துக்கால் இன்னும் இருக்கான்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரத் தோணும். வானத்தை நாம ஒண்ணும் பண்ண முடியாது. வாய்க்காலைப் பண்ணலாம்.

பி.கு: விடிகாலையில போறவங்க மார்கழி, தை மாசத்துல ஜி.எஸ்.டி. ரோட்டுல பனிமூட்டம் பார்த்து ஓட்டுங்க. போகி அன்னிக்கு புகையும் சேர்ந்துக்கும், அன்னிக்கு வேண்டாம். ஏரிக்கரையில சத்தமா பேசாதீங்க, மொபைல்ல பாட்டு போடாதீங்க. தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காம இருக்குற ஊர் அது. நாம ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா என்ன? :-)